வீட்டுக்கு ஒரு ஜோடனைக்காரி

வீட்டை விற்க வேண்டி வந்ததற்குக் காரணம் எழுபத்திரண்டு படிகள். யாங்கோனில் பபேடான் பக்கத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் நான்காவது மாடி எங்களுடையது. லிஃப்ட் கிடையாது. அந்தத் தெருவில் எந்தக் கட்டடத்திலும் கிடையாது. அக்காவின் இரண்டு முழங்கால்களும் ஒரே வருடத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டன. கடைசியாக அவள் படி இறங்கியது ஆஸ்பத்திரிக்குப் போக. திரும்பி ஏறியபோது மாடிக்கு ஒரு வீடாக உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மேலே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

“இனிமே இறங்கினா ஒரே தடவைதான்டா,” என்றாள். “நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க பாரு, அப்ப.”

பதினோரு மாதமாக அந்த முடிவில் மாற்றம் இல்லை.

பதினோரு மாதமும் அவள் வாழ்ந்தது கயிற்றை நம்பி. எங்கள் ஊரில் மேல்மாடிப் பால்கனி ஒவ்வொன்றிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் இரும்புக் கவ்வி, மேல்நுனியில் மணி. பத்திரிகைக்காரர் கவ்வியில் பத்திரிகையைச் செருகி ஓர் இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும். விருந்தாளி வந்தால் சாவியை அதில் மாட்டி இறக்குவோம். எங்கள் கயிறு பச்சை நைலான். காலையில் அதில் ஏறி வருவது மொஹிங்கா: மீன் குழம்பு ஒரு பிளாஸ்டிக் பையில், சேமியா இன்னொரு பையில். விற்கிற பெண் எங்கள் வாசலில் கடை போட்டதே அக்கா இறங்குவதை நிறுத்திய பிறகுதான். ஆகவே இருவரும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அக்காவுக்கு அவளுடைய உச்சி வகிடு தெரியும். அவளுக்கு அக்காவின் தாடை தெரியும். இவ்வளவை வைத்துக்கொண்டு இருவரும் தினமும் கால் மணி நேரம் பேசினார்கள்.

வாங்க வேண்டிய வீடு தாகேதாவில் இருந்தது. தரைவீடு. இரண்டு அறை, ஒரு குழாய், வாசலில் ஒரே ஒரு படி. அக்காவின் கணவர் பர்மியர், காலமாகிவிட்டார். அவருடைய தூரத்து உறவுக்காரப் பெரியவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். மகளோடு மௌலமைனில் போய் இருக்கப்போகிறார். ஆனால் அது வா காலம். பிக்குகள் மடத்தை விட்டு நகராத அந்த மூன்று மழை மாதங்களில் பர்மியர்கள் கல்யாணம் செய்வதில்லை, வீடு மாறுவதும் இல்லை. “தடின்ஜுட் விளக்குப் பண்டிகை வரைக்கும் நான் நகர முடியாது. அதுவரைக்கும் உங்களுக்காக வைக்கிறேன். அதுக்கப்புறம் டீக்கடைக்காரன் கேக்கறான், அவனுக்குக் கொடுத்துடுவேன்,” என்றார். அந்த வீட்டை நான் போனில் படம்பிடித்து வந்து காட்டினேன். அறைகளை அக்கா ஒரு தடவை பார்த்தாள். அந்த ஒற்றைப் படியை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

மூன்று மாதத்தில் முதல் மாதம் ஆடியில் போயிற்று. ஆடியில் வீட்டைக் காட்டக் கூடாது என்றாள். இரண்டு பஞ்சாங்கங்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தியவள். இரண்டிலும் உள்ள ‘கூடாது’களையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ‘செய்யலாம்’கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

வீடு மோசமான வீடல்ல. இரண்டு வருடத்துக்கு முன்புதான் புதுப்பித்திருந்தோம். தரைக்கு ஓடு, சமையலறைக்குப் புது மேடை, உட்காரும் கக்கூஸ், குளியலறைச் சுவரில் அக்கா பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி, சுவரெல்லாம் சந்தன நிறம். ஆனாலும் ஆடி முடிந்து வந்த முதல் மூவரும் நிற்கவில்லை. முதலாமவர் ஏறி வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் கேட்டுக் குடித்து, அதோடு போய்விட்டார். இரண்டாமவர் முருகன் படத்தையும் பக்கத்திலேயே புத்தர் பீடத்தையும் பார்த்துவிட்டு, இது யார் வீடு என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவதாக வந்த அம்மாள் பிரம்பு நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தார், அவள் முன்னால் நின்ற நாலுகால் நடைச்சட்டத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி மாடிப்படியைப் பார்த்தார். அவர் மனதில் ஓடிய கணக்கு எனக்கே கேட்டது.

தரகர் இரண்டு போன்கள் வைத்திருப்பவர். இரண்டிலும் யாரும் எடுப்பதில்லை. “அகோ, வீடு அருமை,” என்றார் என்னிடம், அண்ணன் முறை வைத்து. “உள்ள ஆள் இருக்காங்க. அது ஒண்ணுதான் குறை.”

அவர்தான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். விற்கப் போகிற வீட்டை அலங்கரித்துக் கொடுப்பவள். நம் சாமான்களை அப்புறப்படுத்திவிட்டுத் தன் சாமான்களை வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பாள், படம் எடுப்பாள், வீடு விற்றதும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பாங்காக்கில் படித்த வித்தை.

அக்காவிடம் சொன்னேன்.

“ஜோடனையா?” என்றாள். “எதுக்கு? வீடு என்ன வயசுக்கா வந்திருக்கு?”

எனக்கும் அவ்வளவாக உடன்பாடில்லை. பத்திரிகை ஆபீசில் பிறர் எழுதியதைத் திருத்துவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அடைமொழிகளை வெட்டியே கண்ணாடியின் பவர் ஏறியது. இப்போது கூலி கொடுத்து என் வீட்டுக்கே அடைமொழி வைக்க ஆள் கூப்பிடுவதா? ஆனால் தரகர் விளம்பரத்துக்கென்று எடுத்த படங்களையும் பார்த்திருந்தேன். குற்றம் நடந்த இடத்தைப் போலவே இருந்தன. அந்த மாதிரிப் படங்களை எத்தனையோ பக்கங்களில் வைத்தவன் நான், எனக்கு அடையாளம் தெரியும். எங்கள் சமையலறைப் படத்தின் கீழே ‘விசாரணை நடக்கிறது’ என்று போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தடின்ஜுட்டுக்கு ஐந்து வாரம் இருந்தது. வரச் சொன்னேன்.

முப்பது வயதிருக்கும். அப்பா வழியில் தமிழ். நாம் பேசுவதெல்லாம் புரியும், பதில் மட்டும் பர்மியில் வரும். கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. எழுபத்திரண்டு படியையும் மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். அக்கா அதை அவள்மேல் முதல் குற்றமாக எழுதிக்கொண்டாள்.

“ஊலே, கரண்ட் உங்க தெருவுக்கு எந்த நேரம் வருது?” என்றுதான் ஆரம்பித்தாள், பர்மிய வழக்கப்படி என்னை மாமாவாக்கி. சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. முறை வைத்து வந்து போகும் மின்சாரத்துக்கு ஏற்றபடிதான் ஆட்களை வரவழைக்க முடியும், இருட்டில் எந்த வீடும் விற்காது என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்கிற நிருபர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு பையிலிருந்து மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளை எடுத்தாள். போக வேண்டிய பொருளுக்கு ஒன்று. அரை மணி நேரத்தில் வீடே மஞ்சள். பிரம்பு நாற்காலி, அத்தானின் புத்தக அலமாரி, தையல் மெஷின், நடைச்சட்டம். அக்கா தன் தோளையும் முந்தானையையும் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கு ஒட்டலையா?”

“அண்ட்டிக்கு ஒட்ட மாட்டேன்,” என்றாள் அந்தப் பெண். “ஆள் வர்ற நேரத்துக்கு அண்ட்டி பக்கத்து வீட்ல போய் இருந்தாப் போதும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப உனக்கு உடம்பெல்லாம் சொறி. மாடிப்படிக்குக் கீழ ஒளிச்சு வெச்சாங்க. ஞாபகம் இருக்காடா?”

“இருக்கு.”

“அதுக்குப் பழி வாங்கறியா?”

அடுத்தது முருகன். வாங்க வருகிறவர் பர்மியராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம். அவரவர் சாமியை அவரவர் மனதிலேயே அந்தச் சுவரில் மாட்டிப் பார்க்க இடம் விட வேண்டும் என்றாள். நியாயம்தான். புத்தர் பீடத்தை அக்காவே கும்பிட்டு இறக்கிக் கொடுத்தாள். முருகனை நான் கழற்றினேன்.

கழற்றியதும் மூவர் கண்ணும் சுவருக்குப் போயிற்று. சந்தன நிறச் சுவரின் நடுவில், ஒன்றரை அடிக்கு இரண்டடியில், பளிச்சென்று ஒரு பச்சைக் கட்டம்.

“ஊலே, இது என்ன?”

“முருகன் இருந்த இடம்.”

“பெயின்ட் அடிக்கலையா?”

“அடிச்சோம். சுத்தி அடிச்சோம்.”

நடந்தது இதுதான். பெயின்டர் அந்தச் சுவருக்கு வந்த அன்று நாள் சரியில்லை, சாமியை நகர்த்தக் கூடாது என்றாள் அக்கா. பெயின்டருக்கோ மறுநாள் வேறு இடத்தில் வேலை. அவர் முருகனைச் சுற்றி வெகு நேர்த்தியாக அடித்துவிட்டுப் போனார். அதே நிறம் கலக்க இப்போது அவரைத்தான் கேட்க வேண்டும், அவரோ பாங்காக்கில் சுவர் அடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் தன் கிடங்கிலிருந்து ஒரு படம் வரவழைத்தாள். பனி மூடிய ஊசியிலைக் காடு. யாங்கோனில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்தக் காட்டோடு எந்தப் பகையும் இருக்க முடியாது. முருகன் இருந்த இடத்தை அது சரியாக மறைத்தது.

அவளுடைய சாமான்களை இரண்டு ஆட்கள் மேலே சுமந்து வந்தார்கள். வெள்ளை சோபா, கண்ணாடி மேசை, விளக்கு, ஒரு கிண்ணம் நிறையப் பச்சை பிளாஸ்டிக் ஆப்பிள். கடைசியாக அகலமான கைப்பிடி வைத்த ஒரு சாம்பல் நிற நாற்காலி. அக்கா நடைச்சட்டத்தை விட்டுவிட்டு அதை நோக்கிப் போனாள்.

“உட்காரக் கூடாது, அண்ட்டி. குஷன் பள்ளமாயிடும்.”

“உட்கார இல்லேன்னா நாற்காலி எதுக்குடி?”

“பாக்கறதுக்கு.”

“பாக்கறதுக்கு நான் இருக்கேனே, என்னையப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பறே?”

அவள் சிரித்தாள், விட்டுக்கொடுக்கவில்லை. குளியலறைக் கம்பியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினால் ஓடு உடையும் என்றேன். கனத்த வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்துத் தொங்கவிட்டாள். முழங்கால் வலிக்காரியின் கம்பி, ஓட்டல் துண்டுக் கம்பி ஆகிவிட்டது. செய்தியை மாற்றாமல் தலைப்பை மட்டும் மாற்றும் வித்தை எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் இவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அக்காவுக்குக் கயிறு விஷயத்தில் பொறுக்கவில்லை.

“தெருவிலேருந்து பாக்கறப்ப பால்கனி அசிங்கமா இருக்கு. படத்துல விழும்,” என்றாள் ஜோடனைக்காரி. இந்தப் பெயர் அதற்குள் வீட்டில் நிலைத்துவிட்டது.

“மொஹிங்கா எப்படி வரும்?”

“போன்ல ஆர்டர் பண்ணலாம், அண்ட்டி.”

“போனுக்குள்ள கையை விட்டு எடுத்துக்கவா?”

கடைசியில் தினமும் நான் இறங்கி வாங்கி வருவதென்று முடிவாயிற்று. பச்சைக் கயிறு, மணி, கவ்வி மூன்றும் சுருட்டப்பட்டு, மஞ்சள் சீட்டோடு சமையலறைப் பெட்டிக்குள் போயின. படங்கள் மறுநாள் வந்தன. அவற்றில் இருந்த வீட்டை நானே வாங்கியிருப்பேன்.

ஆட்கள் வந்தார்கள். அதை மறுக்க முடியாது. மூன்று வாரத்தில் ஏழு பேர். ஒவ்வொரு தடவையும் அக்கா நடைச்சட்டத்தைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். அங்கே ஏற்கெனவே மூன்று சாமிகள் இருந்தார்கள். முருகனையும் புத்தரையும் சேர்த்து ஐந்து, அக்கா ஆறு. பக்கத்து வீட்டம்மாள் நல்லவள், எல்லாருக்கும் இடம் கொடுத்தாள்.

வந்தவர்கள் சோபாவைப் புகழ்ந்தார்கள். விளக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். ஒருவர், ஆப்பிள்களும் வீட்டோடு சேர்த்தியா என்றார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சாம்பல் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது. பள்ளம் விழுந்தது. ஜோடனைக்காரி குஷனைத் தட்டிச் சரிசெய்தாள். விலை மட்டும் யாரும் பேசவில்லை.

தடின்ஜுட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தாகேதாப் பெரியவர் போன் செய்தார். டீக்கடைக்காரர் வந்து வாசலை அளந்துவிட்டுப் போனாராம். பந்தல் போட எத்தனை மூங்கில் வேண்டும் என்று கேட்டாராம். அக்காவிடம் அதைச் சொன்னேன். அன்று சாயங்காலம் என் போனை வாங்கி, அந்த ஒற்றைப் படியை இன்னொரு தடவை பார்த்தாள்.

எட்டாவதாக வந்தவள் காலையில் வந்தாள். அந்த வாரம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் காலைக்கு மாறியிருந்தது. ஐம்பது வயதுக்காரி. கூடவே கணவர், அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஷ்வேப்யிதாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருடம் தையல் வரிசையை மேற்பார்த்தவளாம். இப்போது அதை விட்டுவிட்டு எங்கள் பக்கத்தில் சொந்தமாகத் தையல் கடை போடுகிறாள். தரகர் வழக்கமான பாட்டைப் பாடினார்: குடும்பம் சிங்கப்பூருக்குப் போகிறது, அதனால்தான் விற்கிறார்கள்.

அவள் சோபாவைப் பார்க்கவில்லை. அவளுக்குத் துணியைத் திருப்பி உள்தையலைப் பார்த்தே பழக்கம். வாளியைக் குழாயின் கீழ் வைத்து, நிரம்புகிற வரைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தரை ஓடுகளை விரல் முட்டியால் தட்டினாள். குளியலறையில் வெள்ளைத் துண்டை ஒரு விரலால் தூக்கினாள். கம்பியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தாள். கம்பி அசையவில்லை. துண்டைப் பழையபடி விட்டாள். அடுத்து முன்னறைக்கு வந்து, பனிக்காட்டின் ஓர் ஓரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி எட்டிப் பார்த்தாள்.

“இங்க யார் இருந்தாங்க?”

எல்லாரும் பர்மியில்தான் பேசினோம். நான் தமிழில் தருகிறேன்.

“முருகன்,” என்றேன். தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. காய்கறி விற்கிறவர்களைக் கடந்து, கார் ஹாரன்களைக் கடந்து, நான்கு மாடிக்கும் நேராக ஏறி வரும் தொழில்முறைக் குரல்.

“நாலாம் மாடி அமே! தம்பியும் இறங்கி வரலே, கயிறும் இல்லே! உயிரோடதான் இருக்கீங்களா?”

மொஹிங்காக்காரி. ஆள் வருகிற அவசரத்தில் அன்று நான் இறங்கியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பால்கனியும் எங்கள் பால்கனியும் ஒட்டியிருப்பவை. நடுவில் ஒரு கம்பித் தடுப்புதான். அந்தப் பக்கம் நடைச்சட்டத்தின் தட்டல் கேட்டது.

“உயிரோடதான்டி இருக்கேன்!” என்று அக்கா கீழே குனிந்து கத்தினாள். “கயித்தக் கழட்டிட்டாங்க! வீடு பாக்க ஆள் வந்திருக்கு, சத்தம் போடாத!”

ஷ்வேப்யிதாக்காரி பால்கனிக்கு வந்துவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அக்கா. அக்காவுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு ஜன்னலில் முருகன்.

“நீங்க யாரு, அண்ட்டி?”

“இந்த வீட்டுக்காரி.”

“அப்புறம் ஏன் அங்க நிக்கிறீங்க?”

“என்னைய ஒளிச்சு வெச்சிருக்காங்க.”

“ஏன்?”

“முட்டி போச்சு. படி இறங்க முடியலே. அதைப் பாத்தா நீங்க ஓடிடுவீங்களாம்.”

“சிங்கப்பூர் போறதாச் சொன்னாங்களே?”

“சிங்கப்பூரா?” அக்கா தரகரைக் கம்பி வழியாகத் தேடினாள். “தாகேதாவுக்கே போக வழி இல்லாம நிக்கிறேன். சிங்கப்பூராம்.”

தரகர் இரண்டு போன்களையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பார்த்தார். ஜோடனைக்காரி மெல்லச் சாம்பல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

ஷ்வேப்யிதாக்காரி பால்கனியில் சாய்ந்து தெருவைக் கூப்பிட்டாள். “மொஹிங்கா அக்கா! இந்தக் கட்டடம் எப்படி?”

கீழேயிருந்து அறிக்கை வந்தது. தண்ணீர் வரும், நாலாம் மாடிக்கு மோட்டார் போட வேண்டும், கரண்ட் இருக்கிறபோதே நிரப்பிக்கொள்ள வேண்டும். மாடிப்படி விளக்கு எரியாது. மூன்றாம் மாடி நாய் குரைக்கும், கடிக்காது. முதல் மாடிக்காரர் குரைக்கவும் மாட்டார், கட்டடச் சந்தாவும் கொடுக்க மாட்டார். நாலாம் மாடி அமே நல்லவள், ஆனால் மிளகாய் பற்றவில்லை என்று தினமும் குறை சொல்வாள். தெருவில் பாதிப் பேர் நின்று கேட்டார்கள். முதல் மாடி ஜன்னல் ஒன்று படீரென்று சாத்திக்கொண்டது. ஒரு தகவலுக்கு இரண்டாவது சாட்சி கேட்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த ஜன்னல் சாட்சி சொல்லிவிட்டது.

“கயிறு எங்க?” என்று கேட்டாள் ஷ்வேப்யிதாக்காரி.

நான் சமையலறைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்தேன். மஞ்சள் சீட்டு இன்னும் அதில் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா முடிச்சுச் சொல்லிக்கொடுக்க, அவள் கட்டினாள். “அப்படி இல்லேம்மா, ரெண்டு சுத்து. ம்… துணி தைக்கிறவதானே நீ?” கவ்வி இறங்கியது, மணி அடித்தது, மொஹிங்கா ஏறியது. கேட்டது ஒன்று, வந்தது மூன்று. பால்கனியில் நின்றபடியே சாப்பிட்டோம். வெள்ளை சோபாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஜோடனைக்காரி காவல் நின்றாள்.

“மறைச்சு வெச்சது எல்லாம் நல்ல சாமானா இருக்கு,” என்றாள் ஷ்வேப்யிதாக்காரி, பையை வழித்துக்கொண்டே. “வெளிய வெச்சதுலதான் எனக்கு எதுவும் வேணாம்.”

“படி?” என்றேன். ஒரு தடவையாவது நானே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

“இருபது வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்த காலு. இன்னும் ஒரு பதினஞ்சு வருஷம் தாங்கும். அதுக்கப்புறம் இந்த அண்ட்டி மாதிரி நானும் யாரையாவது ஏமாத்திக்கறேன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் கம்பித் தடுப்பு அதிர்ந்தது.

விலையில் ஷ்வேப்யிதாக்காரி கொஞ்சம் இறங்கச் சொன்னாள், நான் கொஞ்சம் இறங்கினேன். தரகர் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்குமாக வியர்த்தார். குளியலறைக் கம்பி, கயிறு, மணி மூன்றும் வீட்டோடு இருக்க வேண்டும், பச்சைக் கட்டத்தின்மேல் அவளுடைய பீடம் வரும், குடிவருவது வா முடிந்த பிறகு. இவ்வளவுதான் நிபந்தனை. பணம் அந்த வாரமே வந்தது. தாகேதாப் பெரியவருக்குப் போன் செய்தேன். டீக்கடைக்காரர் மூங்கிலை வேறெங்கோ நட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜோடனைக்காரிக்குக் கொடுத்தது வீண்தானே என்று அக்கா கேட்டாள். அப்படித்தான் எனக்கும் பட்டது. ஆனால் கையெழுத்துப் போட வந்த அன்று ஷ்வேப்யிதாக்காரியிடம் விசாரித்தேன். விளம்பரத்தில் நாலாம் மாடி என்று பார்த்ததுமே தள்ளிவிடப் பார்த்தாளாம். அந்தச் சாம்பல் நாற்காலியும் பக்கத்தில் விழுந்திருந்த வெயிலும் அழகாக இருந்ததால் ஒரு நடை வந்து பார்க்கலாம் என்று தோன்றியதாம். இதை ஜோடனைக்காரியிடம் சொன்னேன். “ஆளை ஏற வைக்கறது வரைக்கும்தான் என் வேலை, ஊலே,” என்றாள். பிறகு எரிச்சலோடு, “அந்தக் கயிறை மட்டும் இன்னும் எனக்குப் பிடிக்கலே,” என்றும் சொன்னாள்.

தடின்ஜுட் விளக்குகள் ஏற்றி முடிந்த மறுநாள் காலை, அவளுடைய லாரி வந்தது. அதே இரண்டு ஆட்கள். சோபா போயிற்று, கண்ணாடி மேசை போயிற்று, ஆப்பிள்களும் பனிக்காடும் போயின. எங்கள் சாமான்கள் முந்தின நாளே தாகேதாவுக்குப் போய்விட்டன. முருகனும் புத்தரும் ஒரே டாக்சியில் போனார்கள். எஞ்சியது சாம்பல் நாற்காலியும் அக்காவும்.

அக்காவை இறக்குவது எப்படி என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். முதுகில் சுமப்பது, போர்வையில் கட்டித் தூக்குவது என்று நான் சொன்ன யோசனைகள் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கெட்ட வார்த்தை வைத்திருந்தாள்.

ஜோடனைக்காரி நாற்காலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

“நாற்காலி எப்படியும் கீழதானே போகுது,” என்றாள். அதுவரை எங்களிடம் அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. “உக்காருங்க, அண்ட்டி.”

“குஷன் பள்ளமாயிடும்.”

“ஆவட்டும்.”

அக்கா உட்கார்ந்தாள். கைப்பிடியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். “நல்ல நாற்காலிதான்டி,” என்றாள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நான் நடைச்சட்டத்தோடு பின்னால் போனேன். மூன்றாம் மாடியில் நாய் குரைத்தது, கடிக்கவில்லை. இரண்டாம் மாடியில், அன்று ஏறி வந்தபோது தண்ணீர் கொடுத்த அதே அம்மாள் இப்போதும் டம்ளரோடு நின்றாள். அக்கா உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தாள். முதல் மாடிக் கதவு சாத்தியிருந்தது.

“நாலு பேரு வேணும்னு நெனச்சிருந்தேன்,” என்றாள் அக்கா, படித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது. “ரெண்டே பேருல முடிஞ்சிருச்சு பாரு.”

தெருவுக்கு வந்ததும் நாற்காலியை மொஹிங்காக் கடை முன்னால் வைத்தார்கள். அக்கா கையைக் கண்ணுக்கு மேலே வைத்து வெயிலை மறைத்துக்கொண்டாள். மொஹிங்காக்காரி கரண்டியைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அமே,” என்றாள். “நீங்க இவ்வளவு குள்ளமா?”

“உனக்கு மட்டும் என்ன?” என்றாள் அக்கா. “இவ்வளவு பெரிய மூக்கை மேலேருந்து பாக்கறப்ப எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே? சரி, ஒரு கிண்ணம் ஊத்து. மிளகாய் தூக்கலாப் போடு.”

லாரி எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தது. பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. கிண்ணத்தில் மொஹிங்கா பதினோரு மாதத்துக்குப் பிறகு. அக்கா அவசரப்படவில்லை. கடைசி வாயில் ஒரு சொட்டுக் குழம்பு சாம்பல் குஷன்மேல் விழுந்தது, மஞ்சளாக.

எல்லாரும் ஜோடனைக்காரியைப் பார்த்தோம்.

அக்கா எழுந்து நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். பிறகு குஷனை எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டு, நாற்காலியை லாரியில் ஏற்றச் சொன்னாள்.